முதலில் நடை, பிறகு ஓய்வு, அப்புறம்தான் சோறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிகள் திறந்துவிட்டன. விடுமுறையில் ஏழு மணிக்குச் சோம்பல் முறித்த வீடுகளில் இப்போது ஐந்தேகாலுக்கே விளக்கு எரிகிறது. டிபன் பாக்ஸ், வேன், ஆபீஸ் பஸ் என்று ஒவ்வொருவர் நேரத்தையும் நிமிடக் கணக்கில் பார்க்கிற வீட்டில், கணக்கிலேயே வராமல் போவது நாயின் நேரம். குக்கர் அடங்குவதற்குள் தட்டில் சோற்றைக் கொட்டி, அது நக்கி முடித்த கையோடு செயினை மாட்டித் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போவது அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அன்றாடக் காட்சியாகிவிட்டது. அன்பில்லாமல் செய்வதில்லை. "வெறும் வயிற்றோடு எப்படி நடக்கும் பாவம்" என்றுதான் செய்கிறார்கள். ஆனால் அந்த வரிசை தலைகீழானது. அதைத் திருத்திக்கொள்ளக் கூடுதலாக ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

வளர்ந்த, நோயில்லாத நாய்க்கு அரை மணி நேர நடைக்குக் காலைச் சாப்பாடு தேவையில்லை. நேற்றிரவு தின்றதே போதும். நாயின் இரைப்பை ஒரு வேளைத் தீனியைக் கீழே அனுப்பி முடிக்கப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். காய்ந்த தீனி என்றால் இன்னும் கூடுதல். ஆகவே ஆறு மணிக்குத் தின்றுவிட்டு ஆறேகாலுக்கு ஓடும் நாய், தின்ற அத்தனையையும் வயிற்றில் தூக்கிக்கொண்டுதான் ஓடுகிறது. சில நாட்களில் பாதி வழியில் வாந்தி எடுத்துவிடும், அதோடு போய்விடும். செரிக்காத சோறு அப்படியே வந்து விழுந்தால், "தீனி ஒத்துக்கொள்ளவில்லை" என்று பிராண்டை மாற்றுவார்கள். பிராண்டை மாற்றியதால் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வரும். மாற்றியிருக்க வேண்டியது நேரத்தை.

அஞ்ச வேண்டியது வாந்தியை அல்ல, இரைப்பை முறுக்கத்தை. குழந்தையைப் போட்ட தூளியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் மேலே துணி இறுகிக்கொள்ளும் இல்லையா, அதேதான் உள்ளே நடக்கிறது. காற்றும் தீனியும் நிறைந்து உப்பிய இரைப்பை தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. மேலே உணவுக்குழாய் அடைபடுவதால் வாந்தியும் ஏப்பமும் வராது. கீழே குடல் வாய் அடைபடுவதால் எதுவும் இறங்காது. உள்ளே வாயு மட்டும் கூடிக்கொண்டே போகும். உப்பிய இரைப்பை இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய நாளத்தை அழுத்தும். மண்ணீரலும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். உடனே சிகிச்சை கிடைக்காவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், செயின்ட் பெர்னார்ட் போல மார்புக்கூடு ஆழமாக இருக்கும் பெரிய இனங்களில் இது அதிகம். நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கும் ஆழ்ந்து ஒடுங்கிய மார்புதான். நாட்டு நாய், எதையும் தாங்கும் என்று விடாமல் அவற்றுக்கும் இதே கவனத்தைக் கொடுங்கள். நியாயத்துக்கு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சாப்பிட்டபின் ஓடுவது மட்டுமே இதற்குக் காரணம் என்று ஆய்வுகள் அறுதியிட்டுச் சொல்லவில்லை. நாளுக்கு ஒரே வேளை வயிறு முட்டத் தின்பது, அவசர அவசரமாக விழுங்குவது, தாய், தகப்பன், உடன்பிறந்த குட்டிகளில் ஒன்றுக்கு இது வந்திருப்பது, வயது ஏறுவது ஆகியவை வலுவான காரணங்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய இன நாய்களுக்கு உயரமான ஸ்டாண்டில் வைத்துச் சோறு போடுவதோடு இந்த ஆபத்து கூடுவதாகத் தெரியவந்தது. கடைகளில் அந்த ஸ்டாண்டுகளைச் செரிமானத்துக்கு நல்லது என்று சொல்லி விற்கிறார்கள். கழுத்து வலி, முதுகுத் தண்டு நோய் என்று மருத்துவர் சொன்னாலன்றித் தட்டு தரையிலேயே இருக்கட்டும்.

அவசரக் காலையில் இந்தக் காரணங்கள் ஒன்றுகூடி வருகின்றன. நேரமில்லை என்று ஒரே தடவையாக நிறையப் போடுகிறோம். நாம் பறப்பதைப் பார்த்து நாயும் பறந்து பறந்து விழுங்குகிறது. விழுங்கியதும் ஓட வைக்கிறோம்.

எட்டேகாலுக்குப் பூட்டிக்கொண்டு கிளம்பும் வீட்டுக்குப் பொருந்துகிற ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஐந்தேகாலுக்கு எழுந்ததும் நாய்க்குக் கொஞ்சம் தண்ணீர். ஐந்தரையிலிருந்து ஆறு வரை நடை. ஆறிலிருந்து ஆறரை வரை நாய் மின்விசிறிக்கடியில் படுத்திருக்கட்டும், நீங்கள் சமையலையும் குளியலையும் பாருங்கள். ஆறரைக்குச் சோறு. ஏழு, ஏழே காலுக்குக் கீழே இறக்கி ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் நிற்க வைத்துவிட்டு மேலே கூட்டி வந்துவிடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். இரைப்பையில் சோறு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். குட்டிகளுக்கு ஐந்து பத்து நிமிடத்திலும், பெரிய நாய்களில் பலவற்றுக்கு அரை மணி, முக்கால் மணியிலும் அவசரம் வந்துவிடும். எட்டு மணிக்குச் சோறு போட்டு எட்டேகாலுக்குப் பூட்டிக்கொண்டு போனால் எட்டே முக்காலுக்கு அது வாசற்கதவைச் சுரண்டும், ஒன்பது மணிக்கு ஹாலில் போய்விடும். சாயங்காலம் வந்து அதை அடிப்பது பெரிய அநியாயம். ஏன் அடி விழுகிறது என்று அதற்குப் புரியவும் புரியாது.

அரை மணி ஓய்வு என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன். உண்மையில் பார்க்க வேண்டியது நாயின் விலா. ஓடி வந்த நாய் நிமிடத்துக்கு 200 தடவைகூட இளைக்கும். ஓய்ந்து படுத்திருக்கும் நாயின் மூச்சு நிமிடத்துக்கு 30-க்குள் இருக்கும். விலா ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். வாய் மூடி, கணக்கு 40-க்குக் கீழே வந்தால் சோறு போடலாம். நாக்கு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் மணி ஆறரை ஆனாலும் காத்திருங்கள், ஏனென்றால் இளைத்துக்கொண்டே தின்னும் நாய் ஒவ்வொரு வாய்க்கும் காற்றையும் சேர்த்து விழுங்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் இளைப்பு அடங்க நாற்பது நிமிடம்கூட ஆகும். கோவையிலோ ஓசூரிலோ இருப்பவர்களுக்கு இருபது நிமிடத்தில் அடங்கிவிடலாம்.

இவ்வளவு நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நேரம் குறைந்தால் சோற்றைக் குறையுங்கள், இடைவெளியில் கை வைக்காதீர்கள். கருத்தடை செய்த, சராசரி ஓட்டாட்டம் உள்ள 30 கிலோ லாப்ரடாருக்கு நாளைக்குச் சுமார் 1,400 கலோரி வேண்டும். 100 கிராமுக்கு 370 கலோரி தரும் காய்ந்த தீனியில் இது ஏறத்தாழ 380 கிராம். 10 கிலோ நாய் என்றால் 630 கலோரி, அதாவது 170 கிராம். பையின் பின்பக்கம் கலோரி அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த 380 கிராமைக் காலையில் 190, இரவில் 190 என்று சரிபாதியாகப் பிரிக்க வேண்டிய கட்டாயமில்லை. காலையில் 130 கிராம், இரவு எட்டு மணிக்கு 200, படுக்கப் போகுமுன் 50 என்று பிரித்தால் காலை வயிறு லேசாக இருக்கும், எந்த வேளையும் வயிறு முட்டாது. மொத்தத்தையும் இரவில் கொட்டிவிடுவது மட்டும் கூடாது, முதலில் சொன்ன ஆபத்து இடம் மாறி இரவுக்குப் போய்விடும். ஒரு தடவை சமையலறைத் தராசில் 130 கிராம் நிறுத்து ஒரு டம்ளரில் போட்டு, அது நிற்கும் இடத்தில் கோடு கிழித்து வையுங்கள். "ஒரு டம்ளர்" என்று பொதுவாகச் சொன்னால் வீட்டுக்கு வீடு ஐம்பது அறுபது கிராம் வித்தியாசம் வருகிறது. லாப்ரடார்கள் உருண்டு திரண்டு மூட்டு வலியோடு அலைவதற்கு இந்தக் கோடில்லாத டம்ளரும் ஒரு காரணம்.

காலை டீயோடு நாய்க்குப் பாலும் பிஸ்கட்டும் கொடுப்பது நம் வீடுகளில் பாசத்தின் அடையாளம். வளர்ந்த நாய்களில் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது, வயிறு இளகிப் போகும். நடைக்கு முன்னால் பால் கொடுத்தால் வழியெல்லாம் தெரியும். பிஸ்கட்டை நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்தி, அந்த அளவுக்குத் தீனியைக் குறைத்துவிடுங்கள்.

வெறும் வயிற்று நடை எல்லா நாய்க்கும் சரிவராது. காலையில் மஞ்சள் நுரையாகக் கக்கும் நாய்கள் இருக்கின்றன. ராத்திரி ஏழு மணிக்குத் தின்றுவிட்டு மறுநாள் ஏழு வரை வயிறு காலியாகக் கிடந்தால் பித்தநீர் இரைப்பைக்கு ஏறி எரிச்சலூட்டும். மேலே சொன்ன படுக்கைநேரத் தீனியே பலவற்றுக்கு இதை நிறுத்திவிடும். அப்படியும் நிற்காவிட்டால் நடைக்குக் கால் மணி முன்பு கால் இட்லி கொடுத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் மாற்றமில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். பொமரேனியன், ஷிட்ஸு போன்ற சின்ன இனக் குட்டிகளுக்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும் என்பதால் அவற்றையும் வெறும் வயிற்றில் ஓடவிடக் கூடாது. குட்டிகளுக்கு மூன்று மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன்பின் இரண்டு வேளை.

சர்க்கரை நோயுள்ள நாய்க்குக் கணக்கே வேறு. இன்சுலின் 12 மணி நேர இடைவெளியில், சாப்பாட்டோடு ஒட்டிப் போட வேண்டியது. சாப்பிட மறுத்த நாய்க்கு வழக்கமான ஊசியை அவசரத்தில் போட்டுவிட்டு ஆபீஸ் போனால் திரும்பி வரும்போது அது மயங்கிக் கிடக்கலாம். சாப்பிடாவிட்டால் முதலில் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். அதன் நடை தினமும் ஒரே நேரம், ஒரே தூரம், மெதுவாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் கடற்கரையில் ஓடவிடும் ஆசையை விட்டுவிடுங்கள். கையில் ஒரு பொட்டலம் சர்க்கரையோ தேனோ இருக்கட்டும். தள்ளாடினால் ஈறில் தடவிவிட்டு மருத்துவரிடம் கிளம்புங்கள். மூட்டு வலி மாத்திரை தின்னும் கிழ நாய்க்கு அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்காமல் காலைச் சோற்றோடு கொடுங்கள்.

நடை என்ற ஒரே சொல்லில் பல விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறோம். சாப்பிட்டபின் செயினில் பிடித்து ஐந்து நிமிடம் நிற்க வைப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை. பந்து எறிவது, வேறு நாயோடு புரண்டு விளையாட விடுவது, நீச்சல், நான்கு மாடி படியேற்றம், இவற்றுக்குத்தான் சாப்பிட்டு ஒன்றரை இரண்டு மணி நேரமாவது போக வேண்டும். பெரிய இனங்களுக்கு இன்னும் கூடுதலாக விடுங்கள். நேரத்தை மிச்சம்பிடிக்க ஸ்கூட்டரில் செயினைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதைப் பல தெருக்களில் பார்க்க முடிகிறது. தின்ற வயிறோ வெறும் வயிறோ, அதை எந்த நாய்க்கும் செய்யாதீர்கள். களைத்தாலும் அதனால் நிற்க முடியாது.

விழுங்கும் வேகத்தைக் குறைக்கக் கடையில் மேடு பள்ளமுள்ள தட்டு விற்கிறது. பரணில் கிடக்கும் பழைய இரும்புப் பணியாரக்கல் அதைவிட நன்றாக வேலை செய்யும். ஏழு குழியிலும் தீனியைப் பரப்பிவிட்டால் நாய் ஒவ்வொரு குழியாக மூக்கை நுழைத்து நக்கி எடுக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் காலியாகும் தட்டு ஐந்தாறு நிமிடம் எடுக்கும். கனம் இருப்பதால் தரையில் தள்ளிக்கொண்டும் போகாது. நான்ஸ்டிக் கல் வேண்டாம், பல் பட்டுப் பூச்சு உரிந்து வயிற்றுக்குள் போகும். சோறும் குழம்புமாகப் பிசைந்து வைக்கும் வீடுகளில் அகலத் தட்டின் நடுவே கனமான ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, சுற்றிலும் சோற்றைப் பரப்பினால் போதும். அந்தச் சோற்றில் வெங்காயம், பூண்டு விழுந்த குழம்பு வேண்டாம். அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். இரண்டு நாய் இருந்தால் இரண்டு அறையில் போடுங்கள், பக்கத்தில் போட்டியாள் இருக்கும்வரை எந்தத் தட்டும் வேகத்தைக் குறைக்காது.

தூங்கிவிட்டீர்கள், எழும்போதே ஏழே முக்கால் என்றால் அன்றைக்கு நடையை விட்டுவிடுவதே நல்லது. ஐந்து நிமிடம் கீழே இறக்கி, சிறுநீர், மலம் முடிந்ததும் ஏற்றிவிடுங்கள். காலைப் பங்கைப் பழைய துண்டில் தூவிச் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொடுத்தால் மோந்து மோந்து பிரித்துத் தின்னும், அந்த வேலையே அதற்குக் களைப்புத் தரும். ஜூன் மாதத்தில் எட்டரை மணித் தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. நடந்து வந்ததும் தண்ணீரைப் பூட்டி வைக்காதீர்கள், ஆனால் பெரிய வாளியையும் காட்டாதீர்கள். 30 கிலோ நாய்க்கு 150 மில்லி அளவு ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி ஊற்றுங்கள். வாய்ப்பூட்டு போடுவதென்றால் வாயைத் திறந்து இளைக்க இடமுள்ள கூடை வகை மட்டுமே. துணிப் பட்டையால் வாயை இறுக்கிக் கட்டி வெயிலில் நடத்தினால் உடல் சூடு தணிய வழியே இல்லை. பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஈறு ரத்தச் சிவப்பாகித் தள்ளாடினால் அங்கேயே குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, காற்று படவிட்டு, அதன்பிறகு மருத்துவரிடம் போக வண்டியில் ஏற்றுங்கள்.

நாயை நடத்த ஆள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சமையல் செய்யும் அம்மா ஆறு மணிக்கு ஒரு தட்டு வைத்திருப்பார், அது தெரியாமல் மகள் ஆறரைக்கு இன்னொன்று வைப்பாள், ஏழுக்கு வரும் பையன் நாயை ஓட்டிக்கொண்டு போவான். மூவரில் யார்மேலும் தப்பில்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காந்தத்தை ஒட்டி, போட்டவர் அதை இடமிருந்து வலத்துக்கு நகர்த்த வேண்டும் என்று வையுங்கள். விடுமுறை நேரத்திலிருந்து பள்ளி நேரத்துக்கு ஒரே நாளில் தாவாமல், நாளுக்குப் பதினைந்து நிமிடமாக முன்னே நகர்த்தினால் வயிறு பழகிக்கொள்ளும்.

அதே ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்ட வேண்டியது இன்னொன்று உண்டு. நாய் வாந்தியெடுக்கக் குமட்டுகிறது, ஆனால் கெட்டி எச்சிலும் நுரையும் தவிர ஒன்றும் வரவில்லை, படுக்க முடியாமல் எழுந்து எழுந்து நிற்கிறது, தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, கடைசி விலா எலும்புக்குப் பின்னால் தட்டினால் மேளம்போல் ஒலிக்கிறது, ஈறு வெளுத்துவிட்டது. இவற்றில் முதலாவது ஒன்று இருந்தாலே கிளம்பிவிட வேண்டும். மயிரடர்ந்த நாய்க்கும் மார்பு ஆழ்ந்த நாய்க்கும் உப்பல் வெளியே தெரியாமலும் இருக்கும். ஓம வாட்டர், சோடா, வாயுவுக்கான சிரப் எதுவும் ஊற்றாதீர்கள். அடைபட்ட குழாயில் அது இறங்காது, மூச்சுக்குழாயில் போய்விடும். காலை வரை பார்க்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். வாயுவை வெளியேற்றுவதும் அறுவைச் சிகிச்சையும் தவிர வழியில்லை. சென்னையில் வேப்பேரி, அப்புறம் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு மருத்துவமனைகள் இருக்கின்றன. தனியார் மருத்துவமனைகளும் உண்டு. இரவிலும் விடியற்காலையிலும் அறுவைச் சிகிச்சை நடக்கும் இடம் எது என்று இன்றைக்கே விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள். கிரேட் டேன் போன்ற இனம் வளர்ப்பவர்கள், கருத்தடை செய்யும்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்து நிறுத்தும் சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதைச் செய்துவிட்டால் உப்பல் வந்தாலும் முறுக்கிக்கொள்வது அரிது.

கால்நடை மருத்துவர்களுக்கு இந்தக் கடிதத்தின் வழியே ஒரு கோரிக்கை. முதல் தடுப்பூசிக்குக் குட்டியைத் தூக்கி வருபவரிடம் என்ன தீனி என்று கேட்கிறீர்கள். வீட்டில் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், யார் சோறு போடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது. நடை, ஓய்வு, சோறு, ஐந்து நிமிடம் கீழே என்று நான்கு நேரங்களை அதில் எழுதிக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
நாய் வளர்க்கும் வாசகர்,
சென்னை